பிளெனிம் ஒருநாள் சுற்றுலா: வழிகாட்டி மறந்த சீமாட்டி

லண்டனிலிருந்து, மார்ல்பரோ கோமகன்களின் இல்லமான பிளெனிம் அரண்மனைக்கு ஒருநாள் பேருந்துப் பயணம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் சுற்றுலாவில் அண்மையில் சென்றுவந்தேன். பேருந்து சுத்தமாக இருந்தது, சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. எனக்குள்ள குறையெல்லாம் வழிகாட்டியின் மேல்தான்.

வின்ஸ்டன் சர்ச்சில் 1874இல் அங்கே பிறந்தார் என்பதை அரண்மனை இருக்கும் வுட்ஸ்டாக் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டோம். ஆனால் 1895 நவம்பரில், வேறொருவரை விரும்பியிருந்தும் தாய் ஆல்வாவின் பிடிவாதத்தால் ஒன்பதாவது மார்ல்பரோ கோமகனுக்கு மனைவியான, நியூயார்க்கின் ரயில்வே செல்வந்தர் குடும்பத்துப் பதினெட்டு வயதுப் பெண் கான்சுவெலோ வாண்டர்பில்ட்டைப் பற்றி ஒரே வாக்கியம்தான் வந்தது: "பணக்கார அமெரிக்க மருமகள்." சீதனமாக வந்த ரயில்வே பங்குகளின் மதிப்பு 25 லட்சம் டாலர், அரண்மனையின் பழைய பொலிவு திரும்பியதில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு.

மாப்பிள்ளையின் பாட்டி முதல் சந்திப்பிலேயே ஆண் குழந்தை வேண்டும் என்று வற்புறுத்தினார். இல்லையென்றால் பட்டம் கோமகனின் சித்தப்பா மகனான வின்ஸ்டனுக்குப் போய்விடுமே என்பது அவர் கவலை. 1897இல் கான்சுவெலோவுக்கு மகன் பிறந்திராவிட்டால், வழிகாட்டியின் நாயகன் ஒருநாள் கோமகனாகிப் பிரபுக்கள் சபைக்குப் போயிருக்கக்கூடும். சர்ச்சில் புராணத்துக்கே இவ்வளவு தேவையான செய்தியை விட்டுவிட்டாரே!

சிவப்பு வரவேற்பறையில் சார்ஜென்ட் 1905இல் தீட்டிய குடும்ப ஓவியத்தின் முன் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். கறுப்பு உடையில் நிற்கும் கான்சுவெலோவின் நீண்ட கழுத்தில் முத்துமாலை இல்லை. ஓவியர் வேண்டாம் என்றாராம், நாத்தனார் ஒருத்திக்கு அதில் மனத்தாங்கல். கணவர் பேசாமல் தட்டைத் தள்ளிவைத்து மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்க, எதிரில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்த இரவு உணவு வேளைகளைக் கான்சுவெலோவே எழுதிவைத்திருக்கிறார். 1906இல் பிரிந்தார்கள், 1921இல் மணமுறிவு. 1926இல் திருச்சபை அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கியபோது, மகளைக் கட்டாயப்படுத்தியது உண்மை என்று ஆல்வாவே சாட்சி சொன்னார்.

திரும்பும் வழியில் பிளேடன் தேவாலயத்தில் சர்ச்சிலின் கல்லறையைக் காட்டினார்கள். அவருக்கு இரண்டு மாதத்துக்குள் முன்னதாக, 1964 டிசம்பரில் இறந்த கான்சுவெலோவும் இளைய மகன் ஐவரின் அருகே அதே வளாகத்தில்தான் உறங்குகிறார். எந்த இடம் என்று கேட்டேன். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வுட்ஸ்டாக்குக்குச் சாதாரணப் பேருந்து ஓடுகிறது. அடுத்த முறை அதில்தான் போவேன்.