ஒரே ஒரு ஐபி விதியால் என் தீபாவளிக் காலத் தரவு போனது: இணையக் கடை நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை இணையம் வழியாக விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். யார் எந்த விளம்பரத்தைப் பார்த்து வருகிறார்கள், எந்தச் சேலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்கள் என்பதையெல்லாம் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் பார்த்துத்தான், எந்த நிறத்தில் எத்தனை சேலைக்குச் சொல்லி வைப்பது என்று முடிவு செய்கிறேன். கடையில் எங்கள் நான்கு பேருக்கும் நாள் முழுவதும் தளத்தைத் திறந்து படம் மாற்றுவதும் விலை சரிபார்ப்பதும்தான் வேலை என்பதால், எங்கள் வருகையும் வாடிக்கையாளர் வருகையும் கணக்கில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதைப் பிரித்துத் தரும்படி 2024 ஆகஸ்டில், ஏற்கெனவே எங்கள் விளம்பரங்களைக் கவனித்து வந்த டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்திடம் கேட்டேன். தனிக் கட்டணமாக 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே அறிக்கையில் வருகை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கேட்டபோது, "அல்காரிதம் மாறியிருக்கு மேடம், எல்லா கிளையண்டுக்கும் இப்படித்தான் இருக்கு, பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏத்தினா சரியாயிடும்" என்றார்கள். அதை நம்பி, நாளொன்றுக்கு 600 ரூபாயாக இருந்த விளம்பரச் செலவை 1,500 ஆக்கினேன். பண்டிகை நேரத்தில் பின்தங்கிவிடக் கூடாதே என்ற அச்சம்தான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

தீபாவளி முடிந்து நவம்பரில் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அக்டோபர் 24ஆம் தேதிக்கு எங்கள் ஆர்டர் நோட்டில் 31 பார்சல்கள் கூரியர் ரசீதுகளோடு இருந்தன. அதே நாளுக்கு அனலிட்டிக்ஸ் காட்டிய விற்பனை 9. இணைய ஆர்டர்கள் அனைத்தும் தளத்தின் வழியாக மட்டுமே வருகின்றன என்பதால், மீதி 22 பேர் தளத்துக்கு வராமலே பணம் கட்டியிருக்க வழியில்லை.

அனலிட்டிக்ஸின் அட்மின் பகுதியில், தளத்தின் தரவு வந்து சேரும் டேட்டா ஸ்ட்ரீமைத் திறந்து, டேக் செட்டிங்ஸுக்குள் 'டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக்' என்ற இடத்தைப் பார்த்தேன். எங்கள் அலுவலக பிராட்பேண்டின் ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அடிக்கடி மாறும். அதற்கு என்ன செய்வது என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'இந்த எண்ணில் தொடங்கும் முகவரிகள்' என்ற பொருத்தத்தைத் தேர்ந்தெடுத்து, முகவரியின் முதல் பகுதியான '49.' என்பதை மட்டும் இட்டிருந்தார்கள். அப்படித் தொடங்கும் முகவரிகள் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். இந்தியாவின் இணைய இணைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டவை அவற்றில் ஏராளம். அத்தனை பேரும் என் கடை ஊழியர்களாகக் கணக்கிடப்பட்டு நீக்கப்பட்டிருக்கிறார்கள். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியில் (அதன் வடிவமே வேறு) வந்தவர்களை அந்த விதி தொடவே இல்லை. வருகை சுழியத்துக்கு இறங்காததால்தான் எனக்கும் உடனே சந்தேகம் எழவில்லை. எங்கள் கடைப் பெண்கள் மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்த வருகைகளோ அப்படியே கணக்கில் இருந்தன. வாடிக்கையாளரை நீக்கி ஊழியரை வைத்திருக்கும் ஃபில்டருக்குத்தான் நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய தவறு அடுத்த படியில் நடந்தது. உள் வருகையை நீக்கும் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. விதி, பொருந்தும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் 'இன்டர்னல்' என்று ஓர் அடையாளம் இடுகிறது. அடையாளமிட்டதை நீக்குவது, டேட்டா ஃபில்டர்ஸ் பகுதியிலுள்ள ஃபில்டர். அந்த ஃபில்டர் தொடக்கத்தில் 'டெஸ்டிங்' நிலையில்தான் இருக்கும். அந்த நிலையில் எதுவும் நீங்காது. எவையெவை பிடிபடுகின்றன என்பதை மட்டும் 'டெஸ்ட் டேட்டா ஃபில்டர் நேம்' என்ற பரிமாணத்தைக் கொண்டு அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் அப்படியே விட்டிருந்தால், மதுரையிலும் சென்னையிலும் இருப்பவர்கள் 'உள் ஊழியர்' ஆகியிருப்பது கண்ணில் பட்டிருக்கும். மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் பக்கத்தில் தேடினேன். விதியை எழுதியதும், ஃபில்டரை 'ஆக்டிவ்' நிலைக்கு மாற்றியதும் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து, ஆகஸ்ட் 12 அன்று, ஆறு நிமிட இடைவெளியில் நடந்திருந்தன.

ஆக்டிவ் நிலையில் நீக்கப்பட்டது நீக்கப்பட்டதுதான். அது மீண்டு வராது. பிறகு ஃபில்டரை அணைத்தாலும் அன்று முதல் வருவது மட்டுமே சேரும். 2023 ஜூலை 1 அன்று செயல்பாட்டை நிறுத்திய பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸில், ஃபில்டர் எதுவும் போடாத 'வியூ' (ஒரே தளத்தின் தரவைத் தனியாகக் காட்டும் அறிக்கைத் தொகுப்பு) ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஃபில்டரில் பிழை நேர்ந்தாலும் மூலத் தரவு அதில் பத்திரமாக இருக்கும். இப்போதைய பதிப்பில் அந்த வியூக்கள் இல்லை. அந்த வசதி போனது தெரிந்த எவரும், சோதிக்காமல் ஃபில்டரை இயக்கத் துணியமாட்டார்.

விளம்பரத்திலும் இதன் கேடு தொடர்ந்தது. அனலிட்டிக்ஸில் பதிவாகும் விற்பனைகளைத்தான் கூகுள் ஆட்ஸுக்கும் இணைத்திருந்தோம். ஆகவே நன்றாக விற்ற விளம்பரங்களும் விற்காதவையாகவே அங்கே தெரிந்தன. அந்தத் தவறான கணக்கைக் காட்டித்தான், நல்ல பலன் தந்துகொண்டிருந்த இரண்டு விளம்பரங்களை அவர்கள் நிறுத்தவும் சொன்னார்கள், நானும் நிறுத்தினேன்.

ஆதாரங்களை அனுப்பிய பிறகு ஒரு மாதச் சேவையை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை. தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் இல்லை. நான் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்திருந்த எடிட்டர் அனுமதியை நீக்கிவிட்டேன்.

இப்போது பிராட்பேண்ட் நிறுவனத்திடம் நிலையான ஐபி முகவரி வாங்கி, அந்த ஒன்றை மட்டும் 'சமம்' என்ற பொருத்தத்தில் இட்டிருக்கிறேன். கடை வேலைக்குத் தளத்தைத் திறப்பதாக இருந்தால் அலுவலக வைஃபையிலேயே திறக்க வேண்டும் என்று ஊழியர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஃபில்டர் இரண்டு வாரம் டெஸ்டிங்கில் இருந்த பிறகே அதை இயக்கினேன். அனலிட்டிக்ஸில் ஃபில்டரே இல்லாத இரண்டாவது பிராப்பர்ட்டி (தனித் தரவுத் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி, தளத்தின் தரவு அதற்கும் போகும்படி செய்திருக்கிறேன். உங்கள் தளத்துக்கு யாராவது ஃபில்டர் அமைத்துக் கொடுத்திருந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது, எந்த எண் இடப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் இன்றே திறந்து பாருங்கள். பிறகு ஒரு நாள் ஆர்டர்களை எண்ணி அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

ஆகஸ்ட் 12 முதல் நவம்பர் 11 வரையிலான அந்தப் பள்ளம் என் வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்த தீபாவளிக்குச் சேலை சொல்லி வைக்க, ஆர்டர் நோட்டைத்தான் பக்கம் பக்கமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.