மலை அடிவாரத்தில் வாக்கி டாக்கியும் ரிப்பீட்டரும் வாங்கப்போகிறவர்களுக்கு

அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, களக்காடு என்று மலையை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களைத் தேடி வந்து ஒரு வியாபாரம் நடக்கிறது. டவர் கிடைக்காத இடத்துக்கு வாக்கி டாக்கி, வீட்டு மாடியில் ஒரு ரிப்பீட்டர் (செட்டில் பேசுவதை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி), லைசென்ஸ் எதுவும் வேண்டாம், பத்து கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும் என்று சொல்லி விற்கிறார்கள். எங்கள் வீட்டில் ரூ.85,000 போயிற்று. பணம் போனதைவிட, உரிமம் இல்லாத ஒரு கருவியை என் தம்பி மகன் கையில் கொடுத்து, புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் ராத்திரிக் காவலுக்கு நடக்கவிட்டார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் தேவை நிஜமானது. வாழைத் தோட்டம் ஒரு பொத்தைக்குப் பின்னால், அதாவது சின்னப் பாறைக் குன்றுக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டு வாசலில் போன் நன்றாக எடுக்கும். பொத்தையைச் சுற்றி வண்டிப்பாதையில் திரும்பினால் சிக்னல் சுத்தமாகப் போய்விடும். ராத்திரியில் பன்றி இறங்கும், சில சமயம் யானையும் வரும். காவலுக்குப் போன பையன் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால்கூட வீட்டுக்குச் சொல்ல வழி கிடையாது. அப்புறம் 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி கரை தாண்டியதும் எல்லாருக்கும் தெரியும். கரண்டும் போய் டவரும் போய், பக்கத்து ஊர்ச் சொந்தங்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் தவித்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இந்தப் பயத்தைத்தான் அந்த வியாபாரி பயன்படுத்திக்கொண்டார்.

அவர் திருநெல்வேலியில் கேமரா, இன்வெர்ட்டர் எல்லாம் மாட்டிக் கொடுப்பவர். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. வீட்டுக்கு வந்து, “யக்கா, நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம். இது பத்து வாட் செட்டு. ரிப்பீட்டர் போட்டாச்சுன்னா பாபநாசம் வரைக்கும் பேசலாம். லைசென்சு எல்லாம் போலீசுக்குத்தான், நமக்கு 446 ஃப்ரீ” என்றார். 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் அப்படிச் சொன்னார். பொத்தை மறைக்காதா என்று என் தம்பி நேரடியாகவே கேட்டான். “ரிப்பீட்டர் எதுக்கு இருக்கு தம்பி? அது தாண்டிப் போயிரும்லா” என்று பதில் வந்தது. வேறு யாராவது ஒட்டுக் கேட்க முடியுமா என்றதற்கு, ரகசிய கோடு போட்டிருக்கிறேன், உங்கள் செட்டைத் தவிர எதிலும் கேட்காது என்றார்.

நாலு கைச் செட்டு, ஒரு இரும்புப் பெட்டி, மாடியில் குழாய் நட்டு அதன் மேல் ஆண்டெனா, கீழ் அறையிலிருந்து மேலே போக மெல்லிய கறுப்பு கேபிள். இவ்வளவும் ஒரு சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டார். சோதனைக்குத் தெரு முனையில் நின்று பேசிக் காட்டினார். நன்றாகத்தான் கேட்டது. பொத்தைக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம் என்றபோது இருட்டிவிட்டது, மீதிப் பணத்தை முடித்துவிடுங்கள் என்றார். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் தாள் தந்தார். அதில் மாடல் எண் இல்லை.

தோட்டத்தில் எதுவுமே கேட்கவில்லை. பொத்தையின் முன்பக்கம் நின்று பேசினாலும் குரல் துண்டு துண்டாக வந்தது. பாதி வார்த்தை கேட்கும், அடுத்த பாதி நின்றுவிடும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். போன் போட்டுச் சொன்னால் பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றுங்கள் என்பார், இல்லையென்றால் மழை மேகம் என்பார்.

கடைசியில் உண்மையைச் சொன்னவர், எங்கள் பேச்சைத் தற்செயலாகக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்த ஒரு பெரியவர். ஹாம் ரேடியோ உரிமம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவதற்கான உரிமம் வைத்திருப்பவர். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கென்று ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது, அது 437.800 மெகாஹெர்ட்ஸில் பூமிக்கு ஒலிபரப்பும். அதைக் கேட்க அவர் ஆண்டெனாவைத் திருப்பியபோது, அதற்குப் பக்கத்திலேயே எங்கள் வீட்டு ஆட்கள் வாழைத்தார் கணக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். ஊர்ப் பெயரை வைத்துத் தேடி வந்தவர் கோபப்படவில்லை. “இது யாரும்மா உங்களுக்குப் போட்டுக் கொடுத்தது? நீங்க பேசுதது அத்தனையும் என் வீட்டுல கேக்கு” என்றார். 446 என்று சொல்லி விற்ற வியாபாரி, ஹாம்களுக்கு ஒதுக்கிய 434-438 மெகாஹெர்ட்ஸுக்குள் எங்களைப் பேசவைத்திருக்கிறார். ரகசிய கோடு என்று அவர் சொன்னது வெறும் டோன். மற்றவர்கள் பேச்சு நம் செட்டில் கேட்காமல் அது தடுக்கும், அவ்வளவுதான். நம் பேச்சை மற்றவர்கள் கேட்பதை அது தடுக்கவே தடுக்காது.

பெரியவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே காரில் மாட்டும் ரேடியோ இரண்டைப் போட்டு, நடுவே ஒரு ஒயரால் இணைத்திருந்தது. ரிப்பீட்டர் என்றால் ஒரு அலைவரிசையில் வருவதைக் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்பதும் சொல்வதும் ஒரே குழாயில், ஒரே நேரத்தில் நடக்கிறது. காதுக்குப் பக்கத்தில் கொட்டுமேளம் அடித்தால் எதிரில் நிற்பவர் பேச்சு கேட்காதே, அதே கதைதான். அனுப்பும் ரேடியோ எழுந்தவுடன் கேட்கும் ரேடியோ செவிடாகிவிடும். செவிடானதும் அனுப்புவது நிற்கும், நின்றதும் மறுபடி கேட்கும். குரல் துண்டு துண்டாக வந்ததன் காரணம் இதுதான், மேகம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்து வைக்க டூப்ளெக்சர் என்று ஒரு வடிகட்டி வேண்டும். அந்த அலைவரிசைகளுக்கென்றே அதை டியூன் செய்திருக்கவும் வேண்டும். எங்கள் பெட்டியில் அந்த உறுப்பே கிடையாது.

அடுத்து கேபிள். ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய ரகம், கீழ் அறையிலிருந்து குழாய் உச்சி வரை முப்பது மீட்டருக்குப் பக்கம். இந்த அலைவரிசையில் அவ்வளவு நீளத்துக்கு அது பத்து டெசிபெல் அளவுக்குச் சக்தியைத் தின்றுவிடும். அதாவது கீழே 25 வாட் ஊற்றினால் மேலே இரண்டரை வாட்தான் போய்ச் சேரும். ஆண்டெனா பிடித்துக் கொடுக்கும் மெல்லிய சிக்னலிலும் பத்தில் ஒரு பங்குதான் கீழே இறங்கும். ஆர்.ஜி. 213 மாதிரி தடித்த கேபிள் போட்டு, பெட்டியை மாடி அறையிலேயே வைத்திருந்தால் இழப்பு எவ்வளவோ குறைந்திருக்கும்.

இரும்புக் குழாய்க்கு எர்த் இல்லை, கேபிளில் இடி தடுப்பானும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் இடி எப்படி விழும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழாயின் கேபிள் நேரே எங்கள் அம்மா படுக்கும் அறைக்குள் இறங்கியிருந்தது. இதைக் கேட்டதும் என் தம்பிக்குக் கை நடுங்கிவிட்டது. பெட்டிக்குப் பேட்டரியும் வைக்கவில்லை. கரண்ட் போனால் ரிப்பீட்டரும் போய்விடும். வெள்ள நேரத்துக்கு என்று சொல்லி விற்ற பொருள் இது.

இவை எல்லாமே சரியாக இருந்திருந்தாலும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தோட்டத்துக்குக் கேட்டிருக்காது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறவை. நடுவில் பாறைப் பொத்தை நின்றால் நின்றதுதான். வீட்டையும் தோட்டத்தையும் ஒருசேரப் பார்க்கும் உயரத்தில் ரிப்பீட்டர் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த இடம் பொத்தையின் உச்சி, அது எங்கள் நிலம் இல்லை. வந்து பார்த்த முதல் நிமிஷத்திலேயே இது அந்த வியாபாரிக்குத் தெரிந்திருக்கும்.

பத்து கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பெரியவர் விளக்கினார். ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த செட்டுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர் சுமார். இரண்டு செட்டுக்கும் சேர்த்தால் பத்து. மரம், வீடு, மேடு எதுவுமே இல்லாத வெட்டவெளிக்கு இது காகிதக் கணக்கு. ஈர வாழை இலைகளுக்கு நடுவே, தரையில் நின்று பேசினால் இரண்டு கிலோமீட்டர் கிடைப்பதே பெரிய விஷயம். வாட் கூடினால் தூரம் கூடும் என்பதை நம்பாதீர்கள். ஐந்து வாட் பத்து வாட் ஆவதால் காதுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஆண்டெனாவை உயர்த்துவது அதைவிடப் பல மடங்கு உதவும்.

லைசென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், இங்கேதான் பாதி உண்மையைக் காட்டி முழுப் பொய்யை விற்கிறார்கள். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை, இது நிஜம். ஆனால் அந்த எல்லைக்குள் மட்டும் வேலை செய்யும்படி செய்து, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் இ.டி.ஏ. என்ற அனுமதி பெற்ற மாடலுக்குத்தான் அந்த விலக்கு. 400 முதல் 470 வரை எங்கு வேண்டுமானாலும் திருப்பக்கூடிய செட்டுக்கோ, மாடியில் நடும் ரிப்பீட்டருக்கோ அது பொருந்தாது. எங்களுக்கு அவர் கொடுத்த ‘சர்டிபிகேட்’ நகல் வேறு ஏதோ ஒரு மாடலுடையது.

உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே 1933ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டுக் குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அப்படித்தான். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இப்படி வாக்கி டாக்கி விற்றதற்காக இணைய விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. அப்புறம் தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. ஆன்லைனில் வாங்கினால் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பக எல்லையில், நடுராத்திரி, கையில் டார்ச்சும் உரிமம் இல்லாத வயர்லெஸ்ஸும் வைத்திருக்கும் ஒரு இளவட்டத்தை வனத்துறை பிடித்தால் முதலில் என்ன சந்தேகப்படுவார்கள்? வேட்டைக்காரன் என்றுதானே.

வியாபாரியிடம் போய்க் கேட்டோம். பணம் தரமாட்டேன், மாற்றித் தருகிறேன் என்று புது செட்டு ஒன்றை எடுத்தார். “இதுல சிம் போட்டா இந்தியா பூரா பேசலாம் யக்கா.” பார்க்க வாக்கி டாக்கி மாதிரி இருக்கும், உள்ளே வேலை செய்வது செல்போன் டவர். டவர் இல்லாத தோட்டத்துக்குத்தான் ரேடியோ வாங்கினோம் என்று சொல்லியும் அதையே தள்ளப் பார்த்தார். டவர் விழுந்தால் அந்தச் செட்டும் விழும். இதை விசேஷமாக நினைவில் வையுங்கள், ‘5,000 கிலோமீட்டர் ரேஞ்ச்’ என்று விளம்பரம் செய்வது இந்த ரகத்தைத்தான். நாங்கள் மறுத்ததும் குரல் மாறியது. “லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தது நீங்கதான். கேஸு கீஸுன்னு போனா உங்களுக்குத்தான் சிக்கல்” என்றார். லைசென்ஸ் வேண்டாம் என்று விற்ற அதே வாய்.

பலர் இந்த மிரட்டலில்தான் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் ஒரு வக்கீலைப் பார்த்தோம். எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரிகளைக் கழற்றி, வாங்கியது முதல் நடந்ததை எழுதி, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசலாம்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் எந்த அலைவரிசை என்று எழுதி வாங்குங்கள். மாடல் எண்ணும் இ.டி.ஏ. எண்ணும் ஜி.எஸ்.டி. பில்லில் வர வேண்டும், அந்த மாடல் எண் செட்டின் முதுகில் ஒட்டியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இதற்குத் தயங்குபவரிடம் வாங்கவே வேண்டாம். சோதனை உங்கள் தோட்டத்தின் மோசமான மூலையில் நடக்கட்டும், பகலில். ரிப்பீட்டர்தான் வேண்டும் என்றால் டபிள்யூ.பி.சி.யிடம் உரிமம், ஒதுக்கிய அலைவரிசை, ஆண்டெனா இடத்துக்கு அனுமதி, வருஷக் கட்டணம் எல்லாம் உண்டு. ஒரு தனிக் குடும்பத்துக்கு அது பெரிய வேலை. ஹாம் உரிமம் பரீட்சை எழுதி வாங்கலாம், 12 வயது நிரம்பினால் போதும். என் தம்பி மகன் இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் தோட்டத் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் ஹாம் அலைவரிசையைப் பயன்படுத்தக் கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது எங்களுக்கு வேலை நடப்பது அனுமதி பெற்ற இரண்டு சின்ன 446 செட்டில். ஒன்று காவல் குடிசையில். இன்னொன்று பொத்தைத் திருப்பத்தில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியின் மோட்டார் ரூமில், அங்கே போன் எடுக்கும். குடிசையிலிருந்து கூப்பிட்டால் அவர் வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவார். முழு விலையும் ரூ.85,000இல் ஒரு சின்ன பங்குதான்.

உங்கள் மாடியிலும் இப்படி ஒரு குழாய் நிற்கிறதென்றால் இன்றைக்கே பெட்டியின் கரண்டை நிறுத்துங்கள். கேபிளை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவிடுங்கள், அடுத்த இடிமழைக்கு முன்னால். அந்த எஸ்டிமேட் தாள், பணம் அனுப்பிய ரசீது, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் வக்கீல் புகாரில் முதலில் இணைத்தது ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று அவரே அனுப்பிய அந்தக் குரல் பதிவைத்தான்.