வெள்ளைப் பந்தில் கறுப்புத் தீற்றல்: தோல் பாக்கெட்டோடு மூன்று வருடம்

கோலால் பந்தை அடித்து டேபிளின் ஓரக் குழிகளில் விழவைக்கிற ஆட்டம் பூல்; அந்தக் குழிகளுக்குத் தோல் பாக்கெட் வைத்த பூல் டேபிள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பிளாஸ்டிக் பாக்கெட்டில் பந்து விழுந்தால் 'டக்' என்று கேட்கும். இதில் 'தொப்' என்று அடங்கிய ஒரு சத்தம்தான். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் முதல் வாரமே வெள்ளைப் பந்தில், கண்மையை விரலால் இழுத்துவிட்டதுபோல் வளைந்த கறுப்புத் தீற்றல்கள். ஒன்றாம் நம்பர் மஞ்சள் பந்திலும், கோடு போட்ட பந்துகளின் வெள்ளைப் பகுதியிலும் இதே கதை. எட்டாம் நம்பர் மட்டும் தப்பித்தது. அது பிறவியிலேயே கறுப்பு, தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில், கோலின் முனையில் தேய்க்கிற சாக் தூள் என்று நினைத்தேன். என் சாக் நீலம், உலர்ந்த விரலால் தட்டினாலே போய்விடும். இது பழுப்பு கலந்த கறுப்பு, விரலுக்கு அசையவில்லை. அடுத்த சந்தேகம் பந்தின் மேல். டேபிளோடு வந்தவை பாலியஸ்டர் பந்துகள். அவற்றை ஒதுக்கிவிட்டு அராமித் பிராண்டின் ஃபீனாலிக் பிசின் பந்துகள் வாங்கினேன். கடினமான பந்து என்பதால் கறை மேலோடு நின்றது, துடைத்தால் சுலபமாக வந்தது. ஆனால் கறை விழுவது நிற்கவே இல்லை. அடி வாங்கும் பந்தை மாற்றிவிட்டு, அடிக்கிற பாக்கெட்டை அப்படியே விட்டிருக்கிறேன்!

அதற்கு முன்பே இன்னொரு தப்பும் செய்திருந்தேன். தோல் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதே என்று தோல் எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். தோல் பளபளத்தது என்னவோ உண்மை. ஆனால் எண்ணெய் தோலின் சாயத்தை இளக்கிவிட, அடுத்த இரண்டு வாரம் விழுந்த பந்தெல்லாம் கறுப்புப் பிசுபிசுப்போடு வெளியே வந்தது. அதே பந்துகள் டேபிளின் மேல் விரித்த துணியில் உருண்டு, மூலைப் பாக்கெட்டின் வாய்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. இன்றைக்கும் அது அங்கேயே இருக்கிறது. டேபிள் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

சரி, சாயம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, ஒவ்வொரு பாக்கெட்டின் பின்சுவரிலும் இருபது தடவை தேய்த்தேன். வேகமாக வரும் பந்து முதலில் மோதுவது அந்தச் சுவரில்தான். சுழன்றுகொண்டே மோதுவதால்தான் கறை புள்ளியாக விழாமல் வளைவாக இழுபடுகிறது. கீழே இருக்கும் வலைக்குள் போவதற்குள் வேகம் குறைந்துவிடும், அங்கே பெரிதாக ஒட்டுவதில்லை. துணியைப் பிரித்துப் பார்த்தால் ஆறு வட்டம். எப்போதும் பந்து விழுகிற மூலைகளின் வட்டம் வெளிர் சாம்பல். அதிகம் புழங்காத இரண்டு நடு பாக்கெட்டும் கரி மாதிரி.

நான் நினைத்ததற்கு நேர் எதிர். யோசித்தால் காரணம் தெளிவு: தோலுக்குள் ஊறிய சாயம் எங்கும் போவதில்லை, மேலே ஒட்டாமல் தங்கிவிட்ட மிச்சச் சாயம்தான் உதிர்கிறது. பந்து பட்டுப் பட்டு மூலைகளில் அது ஏற்கெனவே கழன்றுவிட்டது. அப்படியானால் பந்து செய்கிற வேலையைத் துணி செய்யட்டுமே!

பழைய டவல் ஒன்றை எடுத்து, பாக்கெட்டுக்குப் பத்து நிமிடம் வீதம் நான்கு மாலை வறட்டுத் தேய்ப்பு. கை வலித்தது, மறைக்கவில்லை. அப்புறம் தோலைச் சுத்தம் செய்யும் சேணச் சோப்பின் நுரையை மட்டும், தண்ணீர் சொட்டாத ஸ்பாஞ்சில் எடுத்துத் துடைத்தேன். டேபிள் துணியில் ஒரு சொட்டும் விழாதபடி பாக்கெட் வாயைச் சுற்றி பிளாஸ்டிக் விரித்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மறுபடி அந்த வெள்ளைத் துணிச் சோதனை. வட்டம் கிட்டத்தட்டக் காணோம்.

கடைசியாகப் பூச்சு. ஃபீபிங்ஸ் ரெசோலீன் என்ற அக்ரிலிக் பூச்சைச் சரிபாதி தண்ணீர் கலந்து, பின்சுவரில் மட்டும் மெல்லிசாக இரண்டு கை பூசினேன். ஒரு கை நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. தடிமனாகப் பூசினால் பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும், தோல் வளையும் இடத்தில் வெடிக்கும். தேய்த்து முடிக்காமல் நேரே இதைப் பூசவும் கூடாது. உதிரும் சாயத்தின் மேல் பூச்சு எப்படிப் பிடிக்கும்?

கறுப்பு ஷூ பாலிஷ் போடச் சொன்ன நண்பனை நல்லவேளை கேட்கவில்லை. அது மெழுகில் கலந்த கறுப்பு, பந்துக்கு நாமே மை பூசிவிடுகிற வேலை. சிலிகான் ஸ்பிரேயும் வேண்டாம். அது பந்தில் ஏறினால் பந்தும் பந்தும் உரசும் விதமே மாறிவிடும்.

பலன்? முன்பு ஓர் ஆட்டத்துக்கு ஐந்தாறு தீற்றல் விழும். பூச்சுக்குப் பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. எப்போதாவது, ஆட்டத்தைத் தொடங்கும் பலமான முதல் அடியான பிரேக்கில் வெள்ளைப் பந்து நேரே பாக்கெட்டுக்குள் பாய்ந்தால் மெல்லிசாக ஒன்று தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போய்விடும். ஈரம் போகத் துடைத்த பிறகே பந்தை டேபிளில் வைப்பேன். கறையை அழிக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சை ஒரே ஒரு தடவை பழைய பந்தில் போட்டுப் பார்த்தேன். கறை போனது, கூடவே மினுமினுப்பும் போனது. அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான்.

தோலுக்கு எண்ணெய் விடுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். மூன்று வருடத்தில் எங்கும் விரிசல் இல்லை. இடது நடு பாக்கெட்டின் மேல்விளிம்பில் மட்டும் பூச்சு வெளுத்து லேசாக உரிய ஆரம்பித்திருக்கிறது. அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, அதற்கு மட்டும் இன்னொரு கை பூச வேண்டும்.