கடற்கரையில் கூடாரமா, கழிமுகத்தில் கயாக்கா?

போவது இரண்டே பேர், கையில் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு, கடல் பக்கம்தான் போக வேண்டும். இந்த அளவில் எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. திறந்த கடற்கரையில் கூடாரம் போடுவதா, ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுவதா என்பதில்தான் ஆரம்பிக்கும். இரண்டுமே பிடிக்கும் என்றாலும் என் ஓட்டு கழிமுகத்துக்குத்தான்.

கடற்கரையின் பலம் ராத்திரிதான். விளக்கில்லாத கரையில் படுத்துக்கொண்டு பார்க்கும் வானத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வேலை நிறைய. கூடாரம் போட அங்கே அனுமதி உண்டா என்று விசாரிக்க வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மணலில் நிற்காது, ஒரு காற்றுக்கே பிடுங்கிக்கொள்ளும். துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் அசையாது. முந்தைய கடல் ஏற்றத்தில் ஒதுங்கிய பாசியும் குச்சியும் கரையில் கோடாகக் கிடக்கும். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே கூடாரம் இருக்கட்டும். அதற்காக மணல்மேட்டில் படர்ந்த கொடிகளின் மேல் போட்டுவிடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

எனக்குப் பெரிய கவலை குளியல். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால், பல சமயம் அங்கேதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும். சிக்கியவர் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். ஜோடியாகப் போகும்போது காப்பாற்றப் பாய்பவரும் சேர்ந்து சிக்கும் ஆபத்து உண்டு. உயிர்காப்பாளர் இல்லாத கரையில் நாங்கள் கால் நனைப்பதோடு சரி.

கழிமுகத்தில் இந்த இழுபறி குறைவு. இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிப்பார், பின்னால் இருப்பவர் அவர் தாளத்துக்கு ஏற்பத் துடுப்புப் போட்டபடி திசையைப் பார்த்துக்கொள்வார். தொடக்கத்தில் இரண்டு துடுப்பும் டக் டக்கென்று இடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடும், அப்புறம் பேச்சுதான். அலை இரைச்சல் இல்லாததால் மெதுவாகப் பேசினாலே கேட்கும். வாரம் முழுக்க அவசரத்தில் விட்டுப்போன பேச்சையெல்லாம் நாங்கள் பேசி முடித்தது கயாக்கில்தான். நீர் வற்றும்போது சேற்றில் உள்ளான் பறவைகள் குத்திக் குத்தி இரை தேடும். வெப்பமான கடலோரங்களில் ஒரு வகை நண்டில் ஆண் தன் ஒற்றைப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டுவதைப் பார்க்கலாம்.

நேரம் மட்டும் தப்பக் கூடாது. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இடைவெளி, அதனால் இன்றைய ஏற்றம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ஏறும் நீரோடு உள்ளே போய், இறங்கத் தொடங்கியதும் திரும்பினால் கை வலிக்காது. ரொம்பத் தாமதித்தால் கயாக் சேற்றில் தட்டி நின்றுவிடும். உயிர்காப்பு அங்கி கட்டாயம். வாய்ப்பகுதிக்குப் போகவே போகாதீர்கள். வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதிக்கொள்ளும் இடம் அது. மதியம் கடற்காற்று கிளம்பும் என்பதால் காலையே நல்லது. கொசுவுக்கு மருந்து வேண்டும், படுக்க அறை வேண்டும். குறை என்றால் இவைதான்.

தேதியைப் பார்த்து முடிவெடுப்பது இன்னும் எளிது. அரைநிலா நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிதமாக இருக்கும், நீரோட்டம் வலுவாக இழுக்காது. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்கள் அப்போது கழிமுகத்துக்குப் போகலாம். நட்சத்திரம்தான் வேண்டும் என்பவர்கள் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையில் கடற்கரைக்குப் போகட்டும். அப்போது ஏற்றமும் அதிகம், ஆகவே கூடாரத்தை அந்தப் பாசிக் கோட்டிலிருந்து இன்னும் தள்ளிப் போடுங்கள்.