சிஸ்லாக் ஃபங்ஷன்: நீண்ட நாள் ஓட்டத்தில் எங்கெல்லாம் சறுக்கும்

லினக்ஸில் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சி புரோகிராமுக்கு, மெசேஜை சிஸ்டம் லாகுக்கு (பதிவுக்கு) அனுப்ப, ஜீலிப்சியோடு (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) வரும் சிஸ்லாக் ஃபங்ஷனே போதும். தனி லைப்ரரி வேண்டாம், லாக் ஃபைலைச் சுழற்றும் வேலையும் நம் தலையில் விழாது. ஆனால் அது வாய்ட் ஃபங்ஷன், எந்த மதிப்பையும் திருப்பித் தராது. மெசேஜ் போய்ச் சேராவிட்டாலும் வாய் திறக்காது.

பெரும்பாலும் முதல் சறுக்கல், சிஸ்லாக்குக்கு முன் அமைப்புகளைக் கொடுக்கும் ஓப்பன்லாக் ஃபங்ஷனில்தான். ஐடென்ட்டாக (ஒவ்வொரு வரியின் முன்னும் வரும் அடையாளமாக) கொடுக்கும் பெயரை ஜீலிப்சி காப்பி எடுப்பதில்லை, பாயிண்டரை மட்டும் பிடித்துக்கொள்ளும். "பில்லிங்-3" என்ற பெயரை ஒரு லோக்கல் அரேயில் எழுதிக் கொடுத்தால், அந்த ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடத்தில் வேறு டேட்டா வந்து உட்காரும். டெஸ்டில் சரியாகவே தெரியும். லோடு ஏறியபின் பெயருக்குப் பதில் குப்பை எழுத்து வரும், பெயரை வைத்துத் தேடினால் பாதி வரி சிக்காது. அரேயை ஸ்டாட்டிக் ஆக்குங்கள், தீர்ந்தது. ஐடென்ட்டை நல் (வெற்று பாயிண்டர்) ஆகவும் விடாதீர்கள்: 2024 ஜனவரியில் வெளியான சிவிஇ-2023-6246 என்ற ஜீலிப்சி பாதுகாப்பு ஓட்டை (ஹீப் ஓவர்ஃப்ளோ), ஓப்பன்லாக்கைக் கூப்பிடாத அல்லது நல் கொடுத்த புரோகிராம்களில்தான், புரோகிராம் பெயர் 1024 பைட்டைத் தாண்டும்போது வெடித்தது.

ஓப்பன்லாக்கின் ஆப்ஷன்களில், வரியில் புராசஸ் எண்ணைச் சேர்க்கும் லாக்_பிஐடி எப்போதும் இருக்கட்டும். குரூட் செய்யும் (தன்னை ஒரே டைரக்டரிக்குள் அடைத்துக்கொள்ளும்) டீமனுக்கு, அதாவது பின்னணி புரோகிராமுக்கு, லாக்_என்டிலே கட்டாயம். உள்ளே போனபின், சிஸ்லாக் மெசேஜ் அனுப்பும் சாக்கெட்டான /டெவ்/லாக் கண்ணுக்கே தெரியாது, அதனால் கனெக்ஷனை முன்பே திறந்துவிட வேண்டும்.

வெளியிலிருந்து வந்த ஸ்டிரிங்கை நேராக ஃபார்மேட் இடத்தில் வைக்கவே கூடாது, நடுவில் "%எஸ்" வேண்டும். 2000-ல் ஆர்பிசி.ஸ்டாட்டிடி என்ற லினக்ஸ் டீமனின் ஓட்டை இதே தவறுதான், அடுத்த ஜனவரியில் ராமென் வோர்ம் அதன் வழியாகவும் பரவியது. எர்னோவின் (கடைசிப் பிழை எண்ணின்) விளக்கம் வேண்டுமென்றால் "%எம்" போடுங்கள், தனி ஆர்கியுமென்ட் தேவையில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து பிளாக் ஆவது. /டெவ்/லாக் ஒரு டேட்டாகிராம் சாக்கெட். மறுமுனையில் படிப்பவர் நின்றால் வரிசை நிரம்பும். கெர்னலின் இயல்பான வரிசை நீளம் 10, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை 512 ஆக்குகிறது. நிரம்பியதும் அடுத்த சிஸ்லாக் அழைப்பு அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே ஒரு பூட்டை (மியூடெக்ஸ்) பிடித்துக்கொண்டே நிற்பதால், சிஸ்லாக்கைத் தொடும் மற்ற திரெட்களும் வரிசையாக மாட்டும். சிபியு சும்மா கிடக்கும், சர்வீஸ் பதில் தராது. ஜிடிபி டீபக்கரில் பேக்டிரேஸ் எடுத்தால் ஒரு திரெட் செண்டில், மற்றவை மியூடெக்ஸில் நிற்பது தெரியும். ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்லும் திரெட்டிலேயே லாக் எழுதாமல், அதற்கென ஒரு திரெட்டும் அளவு கட்டிய வரிசையும் வைப்பது நல்லது. சிக்னல் ஹேண்ட்லரிலிருந்து சிஸ்லாக்கைக் கூப்பிட்டால் அதே பூட்டில் டெட்லாக் ஆகலாம். அங்கே ஒரு ஃபிளாக் மட்டும் வைத்துவிட்டு மெயின் லூப்பில் எழுதுங்கள்.

சிஸ்டம்டியின் லாக் சேகரிப்பான் ஜர்னல்டி ஒரு சர்வீஸுக்கு 30 நொடிக்கு 10000 மெசேஜ் என்ற அடிப்படை வரம்பு வைக்கிறது, தாண்டியவை கைவிடப்படும். லூப்பில் மாட்டிய ஒரு எரர், உண்மையான காரணத்தைச் சொல்லும் வரியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஒரே மெசேஜில் பல வரி அனுப்பினால் லாகை ஃபைலில் எழுதும் ஆர்சிஸ்லாக் டீமன் வரி முறியும் இடத்தில் #012 என்று எழுதும். வரிக்கு ஒரு அழைப்பாகப் பிரித்துவிடுங்கள். எல்லாம் அமைத்தபின் எஸ்டிரேஸில் (சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) செண்ட்டூவைப் பாருங்கள். ஃபெசிலிட்டி (மெசேஜின் வகை) லோக்கல்0, தீவிரம் இன்ஃபோ என்றால் மெசேஜ் <134> என்று தொடங்க வேண்டும்: 16 பெருக்கல் 8, கூட்டல் 6. <14> வந்தால் ஃபெசிலிட்டி போய்ச் சேரவில்லை, யூசரிலேயே நிற்கிறது.