துடைப்பப் பட்டறையின் கடைசி அறை

பெர்லினில் ஹாக்கெஷர் மார்க்ட் ஸ்டேஷனில் இறங்கி கொஞ்ச தூரம் நடந்தால் ரோசந்தாலர் தெரு 39. பக்கத்து முற்றங்களெல்லாம் பளபளவென்று கடைகளாகிவிட்டன. இங்கே மட்டும் சுவர் முழுக்கக் கிறுக்கலும் ஓவியமும். "இதுக்குள்ளயாடா மியூசியம்?" என்றாள் அம்மா.

மியூசியம்தான். கட்டணம் கிடையாது. ஹிட்லர் காலத்தில் ஓட்டோ வைட் என்பவர் துடைப்பமும் பிரஷ்ஷும் செய்துவந்த பட்டறையைப் பெரும்பாலும் அன்றிருந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள். அவருக்கே பார்வை மங்கிக்கொண்டு வந்தது. வேலைக்கு வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கண் தெரியாத, காது கேளாத யூதர்கள். 1941 செப்டம்பரில் யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. அடுத்த மாதமே பெர்லினிலிருந்து யூதர்களை நாடுகடத்த ஏற்றிக்கொண்டு ரயில்கள் கிளம்பிவிட்டன. பட்டறைச் சரக்கு ராணுவத்துக்குப் போகிறது என்று காட்டியும், கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸுக்கு லஞ்சம் கொடுத்தும் முடிந்தவரை தன் ஆட்களைக் காப்பாற்றினார் வைட்.

அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. ஹோர்ன் என்ற யூதக் குடும்பத்தார் நாலு பேரும் ஒளிந்திருந்தது இதில்தான். வாசல் தெரியாமலிருக்க அப்போது ஒரு துணி அலமாரியை நிறுத்தியிருந்தார்கள். அம்மா உள்ளே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். "இருமல் வந்தா என்ன பண்ணியிருப்பாங்க?" 1943 அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டு நாலு பேரும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போனார்கள். திரும்பவில்லை.

பட்டறையின் செயலாளர் ஆலிஸ் லிக்ட் கதை வேறு. அவர் இருந்த தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு வைட் நூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் அனுப்பினார். 1944இல் ஆஷ்விட்ஸுக்குப் போகும் ரயிலிலிருந்து ஆலிஸ் வீசிய அஞ்சலட்டை எப்படியோ வந்து சேர, மனிதர் பிரஷ் விற்கிற சாக்கில் ஆஷ்விட்ஸுக்கே கிளம்பிவிட்டார்! அதற்குள் ஆலிஸை கிறிஸ்டியன்ஷ்டாட் என்ற வேறொரு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கேயும் போய், முகாமுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, ஆலிஸுக்காகத் துணியும் பணமும் வைத்துவிட்டு வந்தார். 1945 ஜனவரியில் ஆலிஸ் தப்பி பெர்லின் வந்து சேர்ந்தார்.

குறை என்றால் எழுத்துதான். பலகைகள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, படிக்க நிறைய. அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காதோடு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அரை மணி நேரம் என்று நினைத்துப் போனோம், இரண்டு மணி நேரமாயிற்று.

அதே முற்றத்தில் ஆன் ஃப்ராங்க் மையமும் இருக்கிறது. அதற்கு டிக்கெட் உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் இந்தப் படியைத்தான் ஏறச் சொல்வேன்.