டபிள்யூஎம்எஃப் கிளிப் ஆர்ட்: டிடிபி மேசையில் ஒரு நெடுநாள் அனுபவம்

திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புத்தகம் எனச் சிறு அச்சகங்களுக்கு வரும் வேலைகளைப் பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் வடிவமைத்துக் கொடுத்த காலத்திலிருந்தே, டபிள்யூஎம்எஃப் எனப்படும் விண்டோஸ் மெட்டாஃபைல் படக் கோப்புகளோடு எனக்குப் பழக்கம் உண்டு. எங்கள் கைக்கு வந்த கிளிப் ஆர்ட் (ஆயத்தப் படங்கள்) குறுவட்டுகளில் குத்துவிளக்கு, பூரண கும்பம், நாதஸ்வரம், மூலை அலங்காரம் போன்றவை பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருந்தன. புதிய வேலைகளுக்கு இதை நான் இப்போது தொடுவதில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் "போன தடவை போட்ட அதே விளக்கு" வேண்டுமென்று கேட்கும்போது இன்றும் அந்தக் கோப்பைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கோப்பின் உள்ளே இருப்பவை, விண்டோஸின் வரைகலைப் பகுதியான ஜிடிஐக்கு இடப்படும் கட்டளைகள்: இந்த நிறத்தில் தூரிகையை எடு, இந்தப் புள்ளிகளை இணைத்துப் பலகோணம் வரை, இந்த இடத்தில் இந்த எழுத்துகளை இடு என்று வரிசையாகப் போகும். படத்தின் பிக்சல்களை ஒவ்வொன்றாகச் சேமிக்காததால் ஒரு குத்துவிளக்குப் படம் சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும், 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் வேலையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போன எங்களுக்கு அது சாதாரண வசதியன்று.

கட்டளைகள் மட்டும் இருந்தால் போதாது, படம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். மூல வடிவத்தில் அந்தக் குறிப்பு கிடையாது. பேஜ்மேக்கரை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனம்தான் கோப்பின் தொடக்கத்தில் 22 பைட் கொண்ட ஒரு தலைப்பகுதியைச் சேர்த்து, படத்தின் நான்கு எல்லைகளையும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை அலகுகள் என்பதையும் எழுதி வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அந்தத் தலைப்பகுதி இல்லாத கோப்புகளும் என்னிடம் உண்டு. அவற்றை இறக்கினால் ஒரு மென்பொருளில் கடுகளவாகவும் இன்னொன்றில் பக்கத்தையே மறைக்கும் அளவிலும் வந்து நிற்கும். நீள அகல விகிதம் கெட்டுப்போவதும் உண்டு. பின்னாளில் பழக்கமானவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இந்த 22 பைட்தான் டபிள்யூஎம்எஃபைப் பக்க வடிவமைப்புக்குத் தகுதியாக்கியது என்பது என் கருத்து.

அன்று இதற்குப் போட்டியாக இருந்தது, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழியில் எழுதப்படும் இபிஎஸ் பட வடிவம். தரத்தில் அதுவே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் வசதி இல்லாத பிரிண்டரில் அது திரையில் காட்டும் மங்கலான முன்னோட்டப் படத்தை மட்டுமே அச்சிடும். டபிள்யூஎம்எஃபோ விண்டோஸ் டிரைவர் இருக்கும் எந்தப் பிரிண்டரிலும், விலை குறைந்த லேசரிலும்கூட, கோடு உடையாமல் வரும்.

குறைகளுக்கு வருகிறேன். 16 பிட் வடிவமான இதில் பெசியர் எனப்படும் வழவழப்பான வளைவுகளுக்கான கட்டளை இல்லை. பின்னர் 32 பிட் விண்டோஸுடன் வந்த, இதன் மேம்பட்ட வடிவமான இஎம்எஃபில்தான் அது சேர்ந்தது. எனவே கோரல்டிராவில் வழவழப்பாக வரைந்த வளைவை டபிள்யூஎம்எஃபாக ஏற்றுமதி செய்தால் அது குட்டிக்குட்டி நேர்கோடுகளாக உடைந்துவிடும். விசிட்டிங் கார்டு அளவில் யாருக்கும் தெரியாது. அதையே ஃபிளெக்ஸ் பேனருக்குப் பெரிதாக்கினால் கும்பத்தின் வயிறு வட்டமாக இல்லாமல் முனைமுனையாகத் தெரியும். வண்ணச் சாயல்களும் இப்படித்தான் பட்டை பட்டையாக மாறிவிடும்.

தமிழில் வேலை செய்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை எழுத்து. கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும், எழுத்துரு இருக்காது. எழுத்துகளும் யூனிகோடில் அல்லாமல் ஒற்றை பைட் குறிகளாகவே இருக்கும். பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் அமைத்த "திருமண அழைப்பிதழ்" என்னும் சொற்கள், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகவே தோன்றும். எழுத்துகளை முன்கூட்டியே வளைவுகளாக மாற்றிவிடலாம். ஆனால் மேலே சொன்ன உடைப்பு அவற்றுக்கும் நேரும், தமிழ் எழுத்துகளில் நேர்கோட்டைவிட வளைவே மிகுதி. ஆகவே படத்தை மட்டும் இந்த வடிவத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தைப் பக்கத்திலேயே அமைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நிறம் ஆர்ஜிபியில்தான், அதாவது திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலக் கலவையாகத்தான் சேமிக்கப்படும். ஒற்றை நிற நோட்டீஸுக்கு அதனால் ஒன்றும் கெடாது. நான்கு வண்ண ஆஃப்செட்டுக்குப் போகும்போது, மென்பொருளின் அமைப்பைப் பொறுத்து, கறுப்புக் கோடு நான்கு மைகளின் கலவையாகப் பிரிந்துவிடக்கூடும். பிளேட்டுகள் இம்மியளவு விலகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் நிறம் எட்டிப்பார்க்கும். பிரித்த வண்ணங்களைத் தனித்தனியே பார்க்காமல் இத்தகைய கோப்பை நான் அச்சுக்கு அனுப்புவதே இல்லை. வெளியே தெரியாத இன்னொன்று, படத்துக்கு அடியில் கிடக்கும் வெள்ளைப் பலகோணம். மஞ்சள் தாளில் அச்சிட்டால் வெள்ளைக்கு மை இல்லாததால் தப்பித்துவிடலாம். வண்ணப் பின்னணி மேல் வைத்தால் வெள்ளைத் திட்டு தெரியும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2005 டிசம்பரில், இந்த வடிவத்திலிருந்த ஒரு பழைய கட்டளையின் வழியாகப் படக் கோப்புக்குள்ளிருந்தே தீங்கான நிரலை ஓட்ட முடியும் என்பது வெளிவந்து, மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் 2006 ஜனவரி 5 அன்று திருத்தம் வெளியிட்டது. பழைய விண்டோஸ் கணினியைப் பேஜ்மேக்கருக்காக மட்டும் வைத்திருப்பவர்கள் முன்பின் தெரியாத டபிள்யூஎம்எஃப் கோப்புகளை அதில் திறக்காதிருப்பது நல்லது.

இன்று லிபர்ஆஃபிஸ் டிராவும் இங்க்ஸ்கேப்பும் இவற்றைத் திறக்கின்றன, பிரவுசர்கள் திறப்பதில்லை. நான் இங்க்ஸ்கேப்பில் திறந்து, ஒட்டிக்கிடக்கும் பலகோணங்களுக்கிடையே திரையில் தெரியும் மயிரிழைக் கோடுகளை ஒரே நிறத் துண்டுகளை இணைத்துப் போக்கி, அடியிலுள்ள வெள்ளையை நீக்கி, கோடுகளையும் வளைவுகளையும் அப்படியே வைத்திருக்கும் எஸ்விஜி வடிவத்தில் சேமிக்கிறேன். முனைகள் அதிகமான படங்களுக்கு எளிமையாக்கும் கட்டளை உதவுகிறது, ஆனால் குத்துவிளக்கின் சுடர் போன்ற கூரிய நுனிகளை அது மழுக்கிவிடுவதால் அந்தப் பகுதிகளைக் கையால் திருத்த வேண்டும். சில கோப்புகளுக்குள் பலகோணமே இல்லாமல் பிக்சல்களாலான ஒரு பிட்மேப் படம் மட்டும் பொதிந்திருக்கும். அவற்றை மாற்ற மெனக்கெடுவதைவிட அச்சான பழைய அழைப்பிதழைப் பார்த்து அந்த விளக்கைப் புதிதாக வரைந்துவிடுவது விரைவில் முடிகிறது.